அடிக்குக் கால் அங்குலம்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், கல்லூரி நூலகத்துக்கு ‘அன்னபூரணி’ பாய்க்கப்பலின் மரமாதிரியைக் கையளித்தபோது பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவளுக்குப் பத்து நிமிடம் எவ்வளவென்று தெரியும், ஆனால் அதற்குள் முடிக்கத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மேசையில் துணி போர்த்தி வைத்திருப்பது ஒரு கப்பல். இரண்டு வருடத்தில் முடித்துத் தருவதாகச் செயற்குழுவுக்கு வாக்குக் கொடுத்தேன். மூன்று வருடமும் இரண்டு மாதமும் எடுத்தது. பிந்தியதற்கு ஒரு காரணம் என் கண். இன்னொரு காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கப்பலின் பெயர் அன்னபூரணி. வல்வெட்டித்துறையிலிருந்து வந்தவர்களுக்குக் கதை தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கட்டிய பாய்க்கப்பல் அது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர், 1928 முதல் 1931 வரை 32 அடி நீளமான சிறு படகொன்றில் உலகத்தைச் சுற்றிவந்தவர், இதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினார். தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார்: புளோரன்ஸ் சி. றொபின்சன். எங்கள் ஊர் மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டு சுயெஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போய், அத்திலாந்திக்கைக் கடந்து, பெர்மியுடாவில் தங்கி, 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இயந்திரக் கப்பல்கள் கடலைப் பிடித்துக்கொண்ட பிறகு நடந்த பயணம் என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கள் வீட்டில் இந்தக் கதையை அம்மம்மா சொல்லுவார். பெரிய வீரக்கதையாக அல்ல. “அவங்கள் திரும்பி வருமட்டும் தாய்மார் என்ன பாடு பட்டிருப்பினம்” என்பதுதான் அவர் கதையின் முடிவு. கப்பல்களுக்கெல்லாம் பெண்களின் பெயர், அம்மனின் பெயர். ஆனால் ஏறிப்போனவர்களில் ஒரு பெண்ணும் இல்லை. பெண்களுக்கு ரேவடிக் கடற்கரையில் நின்று பார்க்கிற வேலைதான் இருந்தது. பர்மாவிலிருந்து அரிசி வருமட்டும் பார்ப்பது, கடன் கொடுத்தவன் வருமட்டும் பார்ப்பது, வாடை பெயர்ந்து சோளகம் எழும்பும்வரை பார்ப்பது.

கப்பல் கட்டுகிற இடத்துக்கும் பெண்பிள்ளைகள் போவதில்லை. நான் ஒருநாள் போனேன். ஆறு ஏழு வயதிருக்கும். ஏராவை நீட்டிப் போட்டு, அதன்மேல் மாட்டின் விலா எலும்பு மாதிரி வங்குகளை நிறுத்தியிருந்தார்கள். நான் அதற்குள்ளே போய் நின்று மேலே பார்த்தேன். வங்குகளுக்கு இடையால் வானம் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது. யாரோ ஒரு பெரியவர் என்னைத் தூக்கி வெளியே விட்டார். வீட்டில் அடி விழுந்தது. அந்த அடி மறந்துவிட்டது, கீற்று வானம் மறக்கவில்லை.

இனிக் கல்லூரிக்கு வருகிறேன். நான் விடுதியில் இருந்த காலத்தில் ஆண்கள் பாடசாலைகளில் மரவேலை இருந்தது, எங்களுக்குத் தையலும் மனையியலும். மரவேலை படிக்க ஏலாதா என்று நான் கேட்டபோது வகுப்பே சிரித்தது. தையல் ரீச்சர் சிரிக்கவில்லை. “முதலில் ஒரு சட்டைக் கையை ஒழுங்காகப் பொருத்து பார்ப்பம்” என்றார். அந்தச் சொல்லை நான் அறுபது வயதுக்குப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். கப்பல் மாதிரி செய்வதில் கஷ்டமான இடம் பாய்மரமல்ல, கயிறுமல்ல, பலகை அடிப்பதுதான். கப்பலின் வயிறு நடுவில் பெருத்தும் அணியத்தில் ஒடுங்கியும் இருக்கிறது. என் மாதிரியில் ஏராவிலிருந்து மேற்தட்டு வரை நடுவில் அளந்தால் நாலு அங்குலம் வரும், அணியத்தில் அளந்தால் இரண்டரைதான். இரண்டு இடத்திலும் பலகைகளின் எண்ணிக்கை ஒன்றே. ஆகவே ஒவ்வொரு பலகையும் முனைக்குப் போகப் போக ஒடுங்க வேண்டும். எவ்வளவு ஒடுங்க வேண்டுமென்பது பலகைக்குப் பலகை வேறுபடும். நேரான பலகையை வளைத்து ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். நான் முதலில் ஒட்டியதெல்லாம் அப்படித்தான் நின்றன. மூன்று முறை பிடுங்கினேன்.

நாலாவது முறை பிரவுண் பேப்பரை எடுத்தேன். சட்டை வெட்டுவதற்கு ரீச்சர் காட்டித் தந்தபடி, கப்பலின் வயிற்றில் பேப்பரைச் சாத்தி, சுருக்கம் விழுகிற இடத்தைப் பென்சிலால் குறித்து, அந்தச் சுருக்கத்தை வெட்டி எடுத்தேன். பிடிப்புத் தைக்கிறோமே, அதேதான். உடம்பு வளைந்த பொருள், துணி தட்டையான பொருள், இரண்டுக்கும் இடையிலுள்ள மிச்சத்தை எங்கே ஒளிப்பது என்பதுதான் தையற்கலை. பலகையும் தட்டையான பொருள்தான். அன்றைக்குப் பொருந்திய பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். ரீச்சர் இப்போது இல்லை. அவருடைய மகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார் என்று அறிந்தேன், அவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

அளவைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்று எடுத்தேன். அதாவது நாற்பத்தெட்டில் ஒன்று. 89 அடி இருபத்திரண்டேகால் அங்குலமாகிறது, 19 அடி நாலேமுக்கால் அங்குலம். இரண்டு அங்குலத் தடிப்பான பலகை ஒரு மில்லிமீற்றருக்கு வருகிறது. ஐந்தரை அடி மனிதர் ஒருவரை அந்தத் தட்டில் நிறுத்தினால் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் கூட வருவார். அப்படி ஒருவரைச் செய்து நிறுத்திப் பார்த்தேன். அவருக்குப் பக்கத்தில் அத்திலாந்திக் கடலை நினைத்துப் பார்த்தேன். பிறகு எடுத்துவிட்டேன். பொம்மை வைத்தால் பிள்ளைகள் பொம்மையைத்தான் பார்ப்பார்கள்.

மரம் வேம்பு. எங்கள் ஊரில் கப்பல் கட்டியது வேம்பிலும் இலுப்பையிலும். என் வேம்பு எங்கிருந்து வந்ததென்றால், கூரை போய்ச் சுவர் மட்டும் நின்ற எங்கள் பழைய வீட்டின் நிலையிலிருந்து. இடப்பெயர்வு முடிந்து திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு நிலைதான். கறையான்கூடத் தொடவில்லை. ஊர்த் தச்சரிடம் கொடுத்து மெல்லிய பலகைகளாக அரிந்து வாங்கினேன். “ரீச்சர், இந்த நல்ல மரத்தை இப்படிச் சீவிக் கெடுக்கிறியளே” என்று அவர் கவலைப்பட்டார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. வேம்பு முறுக்கோடின மரம். சின்ன வேலைக்கு உளி வைத்தால் நினைத்த பக்கம் போகாது, அது நினைத்த பக்கம்தான் போகும். மாதிரி செய்பவர்கள் இதை விரும்பமாட்டார்கள். எனக்கு வேறு மரம் மனம் வரவில்லை.

ஆணிக்குப் பதிலாக மூங்கில் ஊசிகள் போட்டேன். தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிற பெடியள் மூங்கில் சீவுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவன்தான் எனக்குச் சீவித் தந்தான். ஒரு இரும்புத் தகட்டில் பெரிதிலிருந்து சிறிதாகத் துளைகளைப் போட்டு, மூங்கில் கீற்றை ஒவ்வொன்றாக இழுத்தால் கடைசித் துளையில் தையலூசி மொத்தத்தில் வரும். பாய்மரக் கயிறுகளில் பாதி பட்ட நூல். நூலேணிகளில் எழுநூற்றுச் சொச்சம் முடிச்சு இருக்கிறது. முடிச்சு விஷயத்தில் எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரத் தேவைப்படவில்லை, கல்லூரி சொல்லித் தந்துவிட்டது.

மாரியில் ஒட்டிய பலகைகள் சோளகம் வீசத் தொடங்கக் காய்ந்து வெடித்து இடைவெளி விட்டதையும் சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மரம் ஈரம் குடித்துப் பருத்திருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. உண்மைக் கப்பலில் அந்த இடைவெளிக்குப் பஞ்சு திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் கலப்பற்றுச் செய்வார்கள். பிறகு கடல் தண்ணீரில் பலகை ஊறி இறுகிக்கொள்ளும். என் கப்பலுக்குக் கடல் இல்லை. முழுப்பக்கத்தையும் கழற்றி, அடுத்த பங்குனியில் திரும்ப அடித்தேன். நான் பிந்தியதில் ஐந்து மாதம் அதில் போனது.

இனி மற்றக் காரணம்.

எங்கள் மேத்திரிமார் கப்பலைக் கடதாசியில் வரைந்துவிட்டுக் கட்டியவர்கள் அல்ல. கணக்கு அவர்களுடைய தலையிலும் கையிலும் இருந்தது. ஏராவின் நீளத்தை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கண்ணால் எடுப்பார்கள். ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடினேன். ‘கப்பல் சாத்திரம்’ என்ற பழைய சுவடியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1950இல் அச்சிட்டிருக்கிறது. ஆவலோடு வாசித்தேன். எந்த அளவு ஏரா வைத்தால் உடையவனுக்கு என்ன பலன் என்று அது சொல்கிறது. சோதிடம் பார்ப்பவர்களுக்கு நல்ல நூல். பலகையை எப்படி வளைப்பது என்று கேட்பவளுக்கு அதில் பதில் குறைவு. எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளும் புத்தகங்களும் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எவ்வளவு போயின என்பதை இந்த மண்டபத்தில் நான் சொல்ல வேண்டியதில்லை.

மிஞ்சியது என்ன? நீளம், அகலம், படங்கள். படங்களில் நான் நம்பிப் பாவித்தவை அமெரிக்காவில் போய்ச் சேர்ந்தபோது எடுத்தவை. அங்கே அதைப் பிரிகன்ரைன் என்ற வகையில் சேர்த்தார்கள். இரண்டு பாய்மரம், முன்மரத்தில் குறுக்குப் பருமல்களில் கட்டிய சதுரப் பாய்கள், பின்மரத்தில் நீளவாக்குப் பாய். ஆனால் படம் காட்டுவது நீருக்கு மேலே தெரிகிற வெளிப்புறத்தைத்தான். நீருக்குக் கீழுள்ள வயிற்றை எந்தப் படமும் காட்டாது. உள்ளே எத்தனை வங்குகள், எந்த இடைவெளியில் என்பதையும் காட்டாது. அதோடு, கப்பல் அப்போது புளோரன்ஸ் ஆகிவிட்டது. எனக்கு வேண்டியது அன்னபூரணி.

இந்த இடத்தில் எட்டு மாதம் வேலை நின்றது. மேசையில் எலும்புக்கூடு மட்டும் இருந்தது. என் மூத்த தங்கை டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்தில் இருக்கிறாள், அந்த நேரம் அங்கே போனேன். டென்மார்க்கில் தேவாலயங்களுக்குள்ளே கப்பல் மாதிரிகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருப்பார்கள். மாலுமிகள் நேர்ந்து கொடுத்தவை. கிட்டப் பார்த்தால் அளவுகள் பிழை. பீரங்கி பெரிது, பாய்மரம் கட்டை. ஆனால் அது காணிக்கை, அதை யாரும் அளவுகோல் கொண்டு பார்ப்பதில்லை. திரும்பும் வழியில் இலண்டனில் இறங்கி, கிறீனிச் கடல்சார் அரும்பொருளகத்தில் பழைய ஆங்கிலக் கடற்படை மாதிரிகளைப் பார்த்தேன். பதினேழாம் நூற்றாண்டில் செய்தவை. அவற்றில் கீழ்ப்பகுதிக்குப் பலகை அடிக்காமலே விட்டிருக்கிறார்கள், வங்குகள் அப்படியே தெரிகின்றன. நான் ஆறு வயதில் பார்த்த கீற்று வானம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. காவலாளி வந்து “மடம், உடம்புக்கு ஏதும் செய்யுதோ” என்ற மாதிரிக் கேட்கும்வரை நின்றேன்.

அங்கே நின்றபடி யோசித்தேன். நான் செய்வது காணிக்கையா, சாட்சியா? காணிக்கை என்றால் அழகாக இருந்தால் போதும். ஆனால் இது நூலகத்தில் இருக்கப்போகிறது. ஐம்பது வருடத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை இதை அளந்து, “அன்னபூரணியில் இத்தனை வங்குகள்” என்று எழுதும். அந்த எண் மேத்திரியாருடையதாக இராது, என்னுடையதாக இருக்கும். ஒரு கணித ரீச்சர் தன் ஊகத்தை விடை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போன கதையாகிவிடும்.

வந்து இரண்டு மரத்தில் வேலையைத் தொடங்கினேன். அளவாலோ படத்தாலோ நிச்சயமான பாகங்களெல்லாம் சிவந்த வேம்பு. நான் ஊகித்தவையெல்லாம் வெளிறிய தேசி மரம். பின்வளவில் பட்டுப்போன தேசிமரம் ஒன்று நின்றது, அதன் மரம் மஞ்சள்வெள்ளை, இழை பொடி, உளிக்கு வெண்ணெய் மாதிரி. வேம்போடு பட்ட பாட்டுக்குப் பிறகு அது எனக்கு விடுமுறை. இடதுபக்க வயிற்றில் கிறீனிச் மாதிரிகளைப் போலப் பலகையே இல்லை.

சொல்லாமல் மறைக்கக் கூடாது, செயற்குழுவில் இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. விழாவுக்கு வருகிறவர்கள் அரைகுறையாகச் செய்து வைத்திருக்கிறது என்று நினைப்பார்கள், இரண்டு நிறமாகத் தேமல் பிடித்த மாதிரி இருக்கிறது, கறுப்பு வண்ணம் பூசினால் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்றார்கள். அவர்களும் கல்லூரிமேல் அன்பினால்தான் சொன்னார்கள். எங்களிடமிருந்து எவ்வளவோ போய்விட்டது, ஒன்றையாவது முழுதாக வைப்போமே என்று ஒருவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. வலதுபக்கத்துக்கு மேலிருந்து கீழ்வரை பலகை அடித்து, மினுக்கி, இலுப்பை எண்ணெய் பூசித் தருவதாக ஒத்துக்கொண்டேன். வண்ணம் பூசச் சம்மதிக்கவில்லை. ஆகவே மண்டப வாசலால் வருகிறவர்களுக்கு முழுக்கப்பல் தெரியும். சுற்றிப் பின்னால் போகிறவர்களுக்கு மற்றது தெரியும்.

இன்னொரு சச்சரவு என் பேத்தியோடு. கண்ணைப் பற்றியது. எங்கள் பக்கத்துத் தோணிகளின் அணியத்தில் இருபக்கமும் கண் பொறிக்கும் வழக்கம் இருந்தது. சென்னையில் மீன்வளத்துறையை நடத்திய ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற வெள்ளைக்காரர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்னபூரணிக்குக் கண் வைக்க வேண்டும் என்று பேத்தி நின்றாள். படத்தில் தெரியவில்லையே என்றேன். “அம்மம்மா, கண் இல்லாமல் எப்படிக் கப்பல் போறது?” என்றாள். அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று சொல்லப் பார்த்தேன், அது வாதமாகாது என்று எனக்கே தெரிந்தது. தேசி மரத்தில் இரண்டு கண் செதுக்கினேன். ஒட்டவில்லை.

துணியை எடுக்கிறேன், பிள்ளைகள் முன்னுக்கு வரலாம்.

கண்ணாடிப் பெட்டியின் திறப்பு நூலகப் பொறுப்பாசிரியையிடம் இருக்கும். தூசி தட்டும்போது துணி பாவிக்க வேண்டாம், நூலில் மாட்டி இழுத்துவிடும். கோழி இறகு போதும். மாரியில் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் அரிசி வறுத்து வையுங்கள், ஈரத்தை எடுக்கும்.

பெட்டியின் அடியில் ஒரு இழுப்பறை இருக்கிறது. தேசி மரப் பாகங்கள் ஒன்றையும் நான் பசை போட்டு ஒட்டவில்லை, மூங்கில் ஊசியில்தான் நிற்கின்றன. மெல்லிய குறட்டால் இழுத்தால் வந்துவிடும். அந்த நிலையில் மிஞ்சிய வேப்பம்பலகைகள் பதினாலு இழுப்பறைக்குள் இருக்கின்றன, அரிந்து, அரத்தாள் போட்டு ஆயத்தமாக. இந்த மலர் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் பாரிசுக்கும் போகுமென்று சொன்னார்கள். உங்களில் யாருடைய வீட்டு அல்பத்திலாவது, பேரனாரோடு ஒரு மூலையில், இந்தக் கப்பலோ இதே கையால் கட்டிய இன்னொரு கப்பலோ இருக்கக்கூடும். கரையில் தூக்கிவைத்து அடிப்பாகம் தெரிய எடுத்த படமென்றால் மிக நல்லது. அசல் வேண்டாம், பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். நான் இருந்தால் நானே மாற்றுவேன். இல்லாவிட்டால் கடைசி வரிசையில் இருக்கும் அந்த இரண்டு உயர்தர மாணவிகளுக்கும் பலகை ஒடுக்கப் பழக்கியிருக்கிறேன், பிரவுண் பேப்பர் முறையில்.

கண்கள் இரண்டும் அதே இழுப்பறையில், ஒரு நெருப்புப்பெட்டிக்குள் இருக்கின்றன.